பரணுக்குச் சீர் வாங்காதீர்கள்

கல்யாணச் சீர் வாங்கக் கிளம்பியிருக்கும் பெற்றோர்களுக்கு,



முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்திருப்பீர்கள். அடுத்து நீங்கள் போகப்போவது பாத்திரக்கடைக்கு. அந்தப் படியேறும் முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். உள்ளே போய்விட்டால் யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்காது, கடைக்காரரும் யோசிக்க விடமாட்டார்.

கடையில் நடப்பது உங்களுக்குத் தெரியாததா? "கல்யாணச் சீரா? செட்டாவே இருக்கும்மா" என்று அண்டா, குண்டான், தவலை, தூக்கு, அடுக்குச் சம்புடம், டஜன் கணக்கில் தட்டு, தம்ளர் என்று இறக்கிக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடியட்டும் என்று இன்னும் ஒன்று ஏறும். எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள். மண்டபத்தில் ஒரு நாள் அவை வரிசையாக நிற்கும். அதன்பின் மகளும் மருமகனும் வாடகைக்குப் பிடித்திருக்கும் வீட்டின் பரணில் ஏறிவிடும். ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கிற அண்டாவுக்கு இரண்டு பேர் குடித்தனத்தில் என்ன வேலை? வீடு மாறும்போதெல்லாம் அது மூட்டையாக இறங்கி, வண்டிக்கூலி வாங்கிக்கொண்டு, இன்னொரு பரணில் ஏறும். கடைசியில் எடைக்குப் போடும்போது நீங்கள் கொடுத்த விலையில் கொஞ்சம்தான் திரும்பும்.

நீங்கள் செலவு செய்வதில் எனக்கு வருத்தமில்லை. இவ்வளவு செலவு செய்த பிறகும் அந்த அடுப்படியில் சமைக்கச் சாமான் இல்லையே என்றுதான் ஆதங்கப்படுகிறேன். வந்து இறங்கிய குவியலில் மூன்று லிட்டர் குக்கர் இருக்காது. தேங்காய்த் துருவி இருக்காது. பழகிய தோசைக்கல் இருக்காது. மறுவாரமே அந்தப் பிள்ளைகள் கடைக்கு ஓடுவார்கள், அவசரத்தில் மலிவானதை வாங்குவார்கள், அது ஆறு மாதத்தில் இளித்துவிடும். சமைக்கத் தோதில்லாத வீட்டில் கை தானாகவே செல்பேசியைத் தேடும். ராத்திரிச் சாப்பாடு பொட்டலமாக வாசலுக்கு வரும். மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்போது, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியலை" என்று நீங்களே சொல்வீர்கள். சிக்கனமாக இருக்க அவர்களுக்கு என்ன கொடுத்தனுப்பினீர்கள் என்று நான் கேட்கிறேன்.

முதலில் குக்கரைப் பாருங்கள். சீர்ப் பட்டியலில் அது இருந்தாலும் பெரும்பாலும் ஏழரை லிட்டர், பத்து லிட்டராகத்தான் இருக்கிறது, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியட்டும் என்று. இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் போதும்; விருந்தாளி வந்தால் ஐந்து லிட்டர் ஒன்று. பெரிய குக்கரில் கைப்பிடி அரிசி வேகவைத்தால், அரிசியைவிட அலுமினியத்தைச் சூடாக்கத்தான் கேஸ் செலவாகும். குக்கருக்குள் அழுத்தம் ஏறியதும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது. பருப்பு சீக்கிரம் குழைவதற்கு அதுதான் காரணம். சாதாரணமாக வேகவைப்பதோடு ஒப்பிட்டால் அரிசிக்கு 20 சதவீதமும், ஊறவைத்த கடலைப் பருப்புக்கு 46 சதவீதமும் எரிபொருள் மிச்சமாகும் என்று பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் சொல்லிவருகிறது. அடியில் பருப்பு, நடுவில் சோறு, மேலே காய் என்று அடுக்கினால் மூன்றும் ஒரே தீயில் முடியும்.

ஆனால் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. நம் வீடுகளில் குக்கரை விசில் எண்ணித்தான் வைக்கிறோம். ஒவ்வொரு விசிலும் நாம் காசு கொடுத்துச் சூடேற்றிய ஆவி. அழுத்தம் ஏறி முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து அணைப்பதுதான் முறை. குக்கர் பெட்டிக்குள் வருகிற கையேட்டில் எந்தப் பருப்புக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு தண்ணீர் என்று அட்டவணையே இருக்கும். வீட்டுக்கு இலவசமாக வருகிற நல்ல சிக்கனப் புத்தகம் அது. நாம் அதைப் பிரிக்காமலே பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம். உங்கள் மகளோடும் மருமகனோடும் உட்கார்ந்து அந்தக் கையேட்டை ஒருமுறை படியுங்கள். கூடவே உபரியாக ஒரு கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் வாங்கி டப்பாவில் போட்டுக் கொடுங்கள். கேஸ்கட் தளர்ந்து ஆவி கசிகிற குக்கர் கேஸைத் தின்னும். 'குக்கர் கெட்டுப்போச்சு' என்று புதிது வாங்கவும் வைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், உதிரிப்பாகம் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்பதையும் பார்த்து வாங்குங்கள். மினுமினுப்பு அதற்குப் பிறகு.

14.2 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பது மூடியிலும் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் அதே தண்ணீரை ஆவியாக்க ஆகிறது. திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டால் சோறு சீக்கிரம் வேகாது, கொதிக்கிற தண்ணீரின் சூடு அதற்குமேல் ஏறாது, ஆவிதான் போகும். ஆகவே, நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சரியாகப் பொருந்துகிற மூடி இருக்கிறதா என்று கடையிலேயே மூடிப் பாருங்கள். மூடியில்லாத பாத்திரத்தை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சூட்டை வீணாக்காமல் சமைக்கிற யோசனை நமக்குப் புதிதல்ல. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் 1910இல் இக்மிக் குக்கரை உருவாக்கினார். அடியில் கொஞ்சம் கரி, மேலே அடுக்கடுக்காகப் பாத்திரங்கள், ஒரே நேரத்தில் முழுச் சாப்பாடு. நம் பக்கத்தில் அதே வகையில் ருக்மணி குக்கர் புழங்கியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 'சூடாறாப்பெட்டி'யை வீடு வீடாகக் கொண்டுபோனது. நம் கடைகளில் கிடைக்கிற தெர்மல் ரைஸ் குக்கரும் அந்த வழியில் வந்ததுதான். அரிசி ஐந்து, பத்து நிமிடம் கொதித்ததும் பாத்திரத்தோடு தூக்கி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், ஒரு மணி நேரத்தில் தானே வெந்திருக்கும். காலையில் இருவரும் வேலைக்கு ஓடுகிற வீட்டுக்கு இதைவிட உதவியான சாமான் குறைவு. மண்டபத்து வரிசையில் வைத்தால் எடுப்பாக இருக்காது என்பது மட்டுமே இதன் குறை.

அடுத்தது தோசைக்கல். பூச்சு போட்ட கல் முதல் வருடம் சொகுசுதான். பிறகு பூச்சு உரியும், தோசை ஒட்டும், புதிது வாங்க வேண்டும். வெறுங்கல்லைப் பெருந்தீயில் வைத்துவிட்டுப் போனால் 260 டிகிரியைத் தாண்டி அந்தப் பூச்சு சிதையவும் தொடங்கும். இரும்புக்கல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிவிட்டால் பேத்தி காலத்துக்கும் உழைக்கும். பழக்குகிற சில வாரங்களில்தான் பிள்ளைகள் பொறுமை இழந்து அதை ஓரங்கட்டுகிறார்கள். அதனால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் பழகியிருக்கும் கல்லை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, புதுக்கல்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பழக்குகிற கை உங்களுடையது. அவர்கள் முதல் நாளே ஒட்டாமல் தோசை வார்ப்பார்கள். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத சீர் இது.

கல்சட்டியும் அப்படித்தான். மாக்கல் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். குழம்பு முக்கால்வாசி வெந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம், மீதியைச் சட்டியே பார்த்துக்கொள்ளும். ஆனால் புதுச்சட்டியைச் சுடுகஞ்சி ஊற்றிப் பல நாள் பழக்க வேண்டும். கை தவறினால் உடையும். பொறுமையுள்ள வீட்டுக்கு மட்டும் கொடுங்கள். ஈயச்சொம்பு ரச வாசனைக்கு நல்லதுதான், சிக்கனத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. விலையும் அதிகம்; தண்ணீரில்லாமல் அடுப்பில் வைத்தால் உருகியே போய்விடும். மற்றவை எல்லாம் சேர்ந்த பிறகு ஆசை இருந்தால் அதை வாங்குங்கள்.

கிரைண்டருக்கு வருவோம். கோயம்புத்தூர் தொழிலாளர்கள் 1950களிலிருந்து செப்பனிட்டு வளர்த்த இயந்திரம் இது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. உளுந்து கல்லில் அரைபட்டால் நன்றாகக் காணும். மிக்சியில் சூடேறி மாவு அமுங்கிவிடும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு வாரம் இருமுறை ஆட்டுகிற வீட்டில், காலை டிபன் செலவையும் அவசர ராத்திரிச் சாப்பாட்டுச் செலவையும் அந்த மாவே தாங்கிவிடும். பாக்கெட் மாவின் விலையை ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள், கிரைண்டர் எதற்கென்று புரியும். ஆனால் வாங்கும் முன் இரண்டு வீட்டிலும் விசாரியுங்கள். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அவற்றில் எத்தனையோ உறை பிரிக்காமலோ, சின்னப் பழுதோடோ மூலையில் கிடக்கின்றன. பெல்ட் மாற்றி, கல்லைக் கொத்திக் கொடுத்தால் ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டு இன்னொன்று வாங்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

சின்னச் சாமான்களை நீங்கள் கண்டுகொள்வதே இல்லை. நான் பட்டியல் போட்டால் அவைதான் முதலில் வரும்: அஞ்சறைப்பெட்டி, அரிசி அளக்க உழக்கு, மசாலாவுக்கு அளவுக் கரண்டி, பருப்பு மத்து, தேங்காய்த் துருவி, இடுக்கி, வடிதட்டு, சல்லடை, ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, காற்றுப் புகாத டப்பாக்கள். தினமும் ஒரே உழக்கால் அளந்து போடுகிற வீட்டில் சோறு மிஞ்சாது. மிஞ்சினால் எவ்வளவு என்று தெரியும். கண்ணால் அளக்கும் பக்குவம் உங்களுக்குப் பல வருட அடுப்படி கொடுத்தது. அது வரும்வரை அவர்களுக்கு உழக்கு வேண்டாமா? மாதச் சாமானை வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைக்கத் தெரிந்தால், வண்டும் பூச்சியும் தின்கிற காசு மிச்சம்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். சீர்த்தட்டில் புத்தகத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஒரு காலத்தில் புதுப்பெண்ணோடு ஒரு புத்தகமும் புக்ககம் போனது. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. பிறகு மூன்று பாகங்களாக விரிந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த ஒரு பெண், தன் கைப்பக்குவத்தை அளவும் முறையுமாக எழுதி அச்சிட்ட நூல் அது. பக்கத்தில் அம்மா இல்லாமல், வெளியூரிலும் வெளிநாட்டிலும் அடுப்பு மூட்டிய எத்தனையோ பெண்களுக்கு அது துணையிருந்தது. சிக்கனத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு புளி என்று தெரிந்தவர்கள் வீட்டில் சாம்பார் குப்பைக்குப் போகாது. இருக்கிற காயை வைத்துப் பொரித்த கூட்டா, துவையலா என்று முடிவுசெய்யத் தெரிந்தவர்கள் ஒரு குறிப்புக்காகப் பத்துச் சாமான் வாங்க ஓட மாட்டார்கள்.

அந்த நூலுக்கும் எல்லை உண்டு. அது பிராமண வீட்டுச் சைவச் சமையல். மீன்குழம்பும் கருவாட்டுத் தொக்கும் அதில் கிடைக்காது. கம்மங்கூழும் கொள்ளு ரசமும் புழங்குகிற வீடுகளின் பக்குவத்துக்கும் அது போதாது. அதனால்தான் இரண்டாவது புத்தகத்தை நீங்களே எழுத வேண்டும் என்கிறேன். நூறு பக்க நோட்டு ஒன்று போதும். உங்கள் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளுக்கு மல்லி எத்தனை, மிளகாய் எத்தனை, அரைக்கக் கொடுக்கும் முன் எதை வறுக்க வேண்டும், எதைக் காயவைத்தால் போதும். இரண்டு பேருக்கு மாதத்துக்கு எவ்வளவு அரிசி, எண்ணெய், பருப்பு. எந்த மாதம் புளி வாங்க வேண்டும், எந்த மாதம் மிளகாய். மிஞ்சிய சோற்றை, புளித்த மாவை, முற்றிய முருங்கைக்காயை என்ன செய்வது. 'கொஞ்சம்', 'தேவைக்கு', 'கண்ணளவு' என்ற சொற்களை எழுதாதீர்கள். உழக்கும் கரண்டியுமாக அளந்து எழுதுங்கள். படிக்க எழுதத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால், அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும். அச்சில் ஏறாத சமையல்கள் தொலைந்துபோவதைப் பற்றிக் கவலைப்படுகிறோம். கல்யாணத்துக்கு ஒரு நோட்டு என்று எழுதத் தொடங்கினால் அவற்றில் பாதி பிழைக்கும்.

மூன்றாவது, சத்துக் கணக்குச் சொல்லும் புத்தகம். நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1937இல் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும், போதுமான உணவைத் திட்டமிடும் முறையையும் சொன்னது அது. எழுதியவர் அந்தக் கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்ட். பிறகு நிறுவனம் ஹைதராபாத்துக்குப் போனது, நூலும் சி. கோபாலன் போன்றவர்களின் கையில் வளர்ந்தது. அது ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். பெரும்பகுதி அட்டவணைதான். அந்தக் கணக்குப்படி 100 கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். பாதாமில் 20 கிராம் அளவுக்குத்தான். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. இதைத் தெரிந்த குடும்பம், விளம்பரத்தில் வருகிற சத்துமாவு டப்பாவுக்கு முன்னால் மயங்கி நிற்காது. சிக்கனம் என்றால் வயிற்றைக் கட்டுவது என்ற பயமும் போய்விடும்.

நான்காவது, வரவு செலவு நோட்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் எழுதினால் அதுவே பேசும். சிலிண்டர் மாற்றிய தேதியை மட்டுமாவது குறிக்கச் சொல்லுங்கள். அப்படியே பிள்ளைகள் குடியேறும் ஊரின் கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டையும் வாங்கிக் கொடுங்கள். சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல் நம் சென்னை மாகாணத்தில்தான். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, நூலகத்துக்குள் கால் வைக்காமல் இருக்கிறோம். ஒரு சமையல் நூலை எடுத்துவந்து, நாலு குறிப்பு செய்துபார்த்து, பிடித்தால் காசு கொடுத்து வாங்கலாமே.

மகனைப் பெற்றவர்களே, உங்களுக்கும்தான் இந்த மடல். நோட்டை மருமகள் வீட்டார் எழுதித் தரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் மகனுக்கு ஒன்று நீங்கள் எழுதுங்கள். அதைப் பார்த்து அவன் சமைக்கட்டும். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் அடுப்பு தெரிந்தால், அந்த ஒருவர் களைத்துப்போகிற நாளெல்லாம் சாப்பாடு வெளியிலிருந்து வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை பாத்திரம், இன்ன சாமான் என்று சீரைக் கேட்டு வாங்குவது 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். கேட்காமல் கொடுக்கும் பரிசுகளையும் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985இல் விதிகள் வந்தன. நீங்களே முன்வந்து, "பாத்திரம் வேண்டாம், அவங்களுக்கு வேணுங்கிறதை அவங்களே சொல்லட்டும்" என்று சொன்னால் பெண்வீட்டாரின் பாதி பாரம் இறங்கிவிடும். அதை அவர்கள் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல முடியும்.

"ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி உங்கள் வாயில் வந்திருக்கும். ஊர் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு போய்விடும். அண்டாவை எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் அடுத்த மாதம் அந்த வீட்டுச் சிலிண்டருக்குக் காசு கொடுக்கப் போவதில்லை. மரியாதைக்கு ஒரு வரிசை வைத்தே ஆக வேண்டும் என்றால், குத்துவிளக்கு, ஒரு குடம், ஒரு தாம்பாளம் வையுங்கள். அதற்கு மேல் பரணுக்குப் போகிற எதையும் வைக்காதீர்கள்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். கடைக்குப் போகும் முன் மகளையும் மருமகனையும் உட்காரவைத்து, அவர்கள் என்ன சமைப்பார்கள், எப்படிப்பட்ட அடுப்படி என்று கேளுங்கள். அதன்படி வாங்குங்கள்: இரண்டு குக்கர், ஒரு தெர்மல் பெட்டி, ஓடுகிற கிரைண்டர், இரும்பு வாணலி, மூடியுள்ள நாலு பாத்திரம், கையடக்கச் சாமான்கள். பழகிய தோசைக்கல்லை உங்கள் அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள். சீர்த்தட்டில் இரண்டு அச்சுப் புத்தகங்களும் கைப்பட எழுதிய ஒரு நோட்டும் இருக்கட்டும். மிச்சப் பணத்தை அவர்கள் பெயரில் வங்கியில் போடுங்கள். இந்தக் கல்யாணத்திலேயே தொடங்குங்கள். நோட்டை இன்று இரவே எழுத ஆரம்பியுங்கள், முகூர்த்தத்துக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரப்போகும் ஒருவர்